சப்ஜெயில் சாவியின் கனம்

விழுப்புரம்,
9-1-1941

சிரஞ்சீவி அம்சாவுக்கு மாமன் பாண்டுரங்கன் ஆசீர்வாதம். நானும் உன் அத்தை கோவிந்தம்மாளும் சாப்பிட்டுத் தூங்கிச் சௌக்கியமாக இருக்கிறோம். உன் அம்மாவுக்கு, என் அக்காவுக்கு, இருமல் தேவலையா என்று எழுது. நான் சொன்ன கஷாயத்தைக் கொடுத்தால் மலையே இருமினாலும் நின்றுவிடும்.

உன் கார்டு வந்தது. மல்லாட்டை மண்டியில் எல்லார் முன்னாலும் சத்தமாகப் படித்தேன். புருஷன் போய் ரெண்டு வருஷமாக மல்லாட்டை உடைத்துக் கடலை பிரித்து விரல் தேய்ந்தது போதும், திண்டிவனம் தாலுகா சப்ஜெயிலில் பெண் வார்டர் வேலைக்கு மனுக் கொடுத்திருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். பெண் கைதி உள்ளே இருக்கிற நாளுக்கு மட்டும் கூப்பிடுவார்களாம், மற்ற நாளில் வீட்டில் இருக்கலாமாம். சந்தோஷம். ஆனால் வார்டர் வேலை என்றால் என்ன என்று உன் மாமனை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

நம் குடும்பத்தில் ஜெயில் உத்தியோகத்தைப் பற்றிப் பேச ஒருத்தன் உண்டென்றால் அது நான்தான். மூன்று தடவை வார்டர் செலக்‌ஷனுக்குப் போனவன். கடைசித் தடவை கடலூரில் வெள்ளைக்கார துரையே டேப்பைப் பிடித்தார். வாசற்படி தாண்டும்போது இழுத்த மூச்சை, அளந்து முடிகிற வரைக்கும் நான் விடவே இல்லை. நெஞ்சு தேர்ச் சக்கரம் மாதிரி நின்றது. டேப் பத்தவில்லை. துரை அசந்துபோய், ஜெயில் சாவிக் கொத்தை என் கையில் கொடுத்துத் தூக்கிப் பார்க்கச் சொன்னார். தராசு பிடிக்கிற கை அல்லவா, உடனே தெரிந்துவிட்டது. சரியாக ஒரு வீசை. நான்தான், வீட்டில் பெண்சாதி தனியாக இருக்கப் பயப்படுவாள் என்று அந்த வேலையை வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்தேன்.

உனக்கு நெஞ்சளவு கிடையாது, ஓட்டம் கிடையாது என்று எழுதியிருக்கிறாய். அப்புறம் அது என்ன செலக்‌ஷன்? சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குகிற மாதிரி அல்லவா இருக்கிறது.

பதில் போடு.
உன் மாமன்,
பாண்டுரங்கன்


திண்டிவனம்,
20-1-1941

மாமாவுக்கும் அத்தைக்கும் அம்சா நமஸ்காரம். அம்மாவுக்கு இருமல் கொஞ்சம் குறைந்திருக்கிறது. நான் சுகம். நீங்கள் இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆபீஸுக்குப் போய் வந்தேன். சப் மாஜிஸ்திரேட்தான் சப்ஜெயிலுக்கும் மேலதிகாரி. அவருடைய குமாஸ்தா கிருஷ்ணசாமி என்னைத் தமிழ் படிக்கச் சொன்னார், இரண்டு வரி எழுதச் சொன்னார். திருப்திதான். இனி நடத்தை விசாரணை மட்டும் பாக்கி. எங்கள் வீட்டில் ஆண் துணை இல்லாததால் நெருங்கின சொந்தக்காரர் யார் என்று கேட்டார்கள். உங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறேன். போலீஸ்காரர் ஒருவர் விழுப்புரம் வந்து உங்களைக் கேட்பார். குடும்பத்தில் ஆட்சேபணை இல்லை, பெண் அமைதியானவள் என்று சொன்னால் போதும் மாமா. அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். கெங்கம்மாள் என்று இன்னொருத்தியும் மனுப் போட்டிருக்கிறாள். அவள் அண்ணன் வாக்குமூலம் ஏற்கெனவே வந்துவிட்டதாம். இருப்பது ஒரே இடம்.

அன்றைக்கு முற்றத்தில் ஆண் வார்டர் வேலைக்கு வந்தவர்களை அளந்துகொண்டிருந்தார்கள். நான் ஓரமாக நின்றேன். மூச்சை விட்டு ஓர் அளவு, இழுத்து ஓர் அளவு எடுக்கிறார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியமாம். ஓர் ஆள் மூச்சைப் பிடித்தபடியே வந்து நின்றார். அளக்கிற வார்டர், "வுடுய்யா மூச்ச. வுட்டாத்தான இழுக்க முடியும்? ஊதிக்கினே வந்து நின்னா நான் இன்னாத்த அளக்கறது?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அந்த ஆளோ கடைசி வரைக்கும் விடவில்லை. வித்தியாசம் ஒன்றும் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது.

அம்மா உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.
அம்சா


விழுப்புரம்,
27-2-1941

சிரஞ்சீவி அம்சாவுக்கு ஆசீர்வாதம். இவ்விடம் ஒரு குறையும் இல்லை. அவ்விடமும் அப்படியே இருக்கட்டும்.

பதில் போடத் தாமதம். மண்டியில் மூட்டை மலைபோல் வந்து குவிகிறது. நான் தராசில் கை வைக்காவிட்டால் விழுப்புரத்தில் வியாபாரமே நடக்காது.

நீ முற்றத்தில் பார்த்தது இந்தக் காலத்து அளவு. எங்கள் காலத்தில் இந்த விடுகிற வேலையெல்லாம் கிடையாது. இழுத்தவன்தான் ஆண்பிள்ளை. வேறு எவனையோ பார்த்துவிட்டு எதற்கு என் ஞாபகம் வந்ததென்று புரியவில்லை. உன் கடிதத்தை அத்தையே படித்துவிட்டாள். படித்துவிட்டு அடுப்படிக்குப் போய்த் தனியாகச் சிரித்தாள். பெரியவர்களுக்கு எழுதும்போது எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது என்று ஒரு யோசனை வேண்டும்.

போலீஸ்காரர் வரட்டும். பேச வேண்டியது எனக்குத் தெரியும்.
பாண்டுரங்கன்


விழுப்புரம்,
8-3-1941

சிரஞ்சீவி அம்சாவுக்கு ஆசீர்வாதம். எங்களுக்கு ஒரு தலைவலிகூடக் கிடையாது. அக்கா சுகத்தை எழுது.

எங்கொயரி முடிந்தது. சீனுவாசன் என்று ஒரு கான்ஸ்டபிள். நேரே மண்டிக்கே வந்துவிட்டார். நான் அவரை மூட்டை மேல் உட்கார வைத்து சோடா வாங்கிக் கொடுத்தேன். மண்டியே சுற்றி நின்றது.

"அம்சா உனக்கு இன்னா வேணும்?" என்றார்.

"அக்கா பொண்ணுங்க. என் கையில வளந்தது."

"பொண்ணு எப்பிடி? சாதுவா?"

இங்கேதான் நீ உன் மாமனைப் பார்த்திருக்க வேண்டும். சாது என்று சொன்னால் எவன் ஜெயிலில் வைத்துக்கொள்வான்? "சாதுவா? அந்த எண்ணெக்காரனக் கேளுங்க சார். அளவுல ஏமாத்துனான்னு சந்தையில அவன் கைய முறுக்குனா பாரு, கை ரெண்டாப் போச்சி. நாலு ஆம்பள புடிச்சும் வுடலயே" என்றேன். மண்டியில் ஒருத்தன் மூச்சு விடவில்லை.

அவர், "மெய்யாவா?" என்றார்.

"நான் எதுக்குப் பொய் சொல்லப் போறேன்? ஜெயில் வேலைக்கு ஏத்த கை சார் அது. எல்லாம் என்னப் பார்த்துக் கத்துக்கினது" என்றேன். விடாமல் எழுதிக்கொண்டார்.

உன் பெயர் சர்க்கார் காகிதத்தில் இந்த அளவுக்கு ஏறியிருக்கிறதே, யாரால் என்று யோசித்துப் பார். எனக்காக ஒருத்தன் இப்படிப் பேசியிருந்தால் நான் இன்று எங்கேயோ இருந்திருப்பேன். உனக்குப் பேச மாமன் இருக்கிறான். எனக்கு யார் இருந்தார்கள்?

பாண்டுரங்கன்


திண்டிவனம்,
19-3-1941

மாமாவுக்கு நமஸ்காரம். அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள். இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லை.

இன்று ஆபீஸில் கூப்பிட்டுக் கேட்டார்கள். சப் மாஜிஸ்திரேட் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "நீ ஒரு மனுஷன் கையை உடைத்தவளா?" என்றார். இல்லை என்றேன். "உன் மாமனே சொல்லியிருக்கிறாரே, அவருக்கு உன் மேல் விரோதமா?" என்றார். அதற்கும் இல்லை என்றேன்.

அந்த எண்ணெய்க்காரர் வண்டியிலிருந்து விழுந்துதான் கை உடைந்தது. முந்தானையைக் கிழித்து அவருக்குக் கட்டுப் போட்டது நான். அன்றைக்கே உங்களுக்கு எழுதினேன். நல்ல காரியம் செய்தாய் என்று நீங்களும் பதில் போட்டீர்கள்.

அடிக்கிற கையை நம்பிப் பெண் கைதியை ஒப்படைக்க முடியாது என்று சொல்லிவிட்டார். நான் சொல்வது செல்லாதாம். அந்த எண்ணெய்க்காரரும் இப்போது ஊரில் இல்லை. சொன்னவரே நேரில் வந்து, சொன்னது நிஜமல்ல என்று சொன்னால்தான் மனு நிற்குமாம். இல்லாவிட்டால் கெங்கம்மாளுக்கு ஆர்டர் எழுதிவிடுவார்கள்.

நீங்கள் வர வேண்டும் மாமா. காலை ரயிலில் வந்து சாயந்திரம் திரும்பிவிடலாம். வேறு எதைப் பற்றியும் நான் கேட்க மாட்டேன்.

அம்சா


விழுப்புரம்,
2-4-1941

சிரஞ்சீவி அம்சாவுக்கு ஆசீர்வாதம். எனக்கு இடுப்பில் பிடிப்பு. மற்றபடி வீட்டில் சுகம்.

உன் கடிதம் பார்த்தேன். என்ன பேஜாரு இது? நான் உன்னைத் தூக்கிப் பேசியதை அவர்கள் கவிழ்த்துப் படித்தால் நானா பொறுப்பு? இடுப்புப் பிடிப்போடு ரயில் ஏறக்கூடாது என்று டாக்டர் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சுகிறார். மண்டியிலும் லீவு தர மாட்டேன் என்கிறார்கள்.

அதோடு, நான் மண்டியில் அத்தனை பேர் முன்னால் சொன்ன சொல். எந்த முகத்தோடு வந்து அதை இல்லை என்பது? பாண்டுரங்கன் சொன்னால் சொன்னதுதான் என்று இந்த ஊரில் ஒரு பெயர் இருக்கிறது. வேண்டுமானால் திருவாமாத்தூர் கோயில் வட்டப்பாறையில் கை வைத்து, எண்ணெய்க்காரன் கை உன்னால்தான் உடைந்தது என்று சத்தியம் செய்கிறேன். மாஜிஸ்திரேட் அதற்கு மேல் என்ன கேட்பார்?

கெங்கம்மாளுக்குப் போனால் போகட்டுமே. நம் குடும்பத்துக்கு ஜெயில் வேலை ராசியில்லை. எனக்குக் கிடைக்காதது உனக்குக் கிடைத்துவிடுமா என்ன, நான் வேண்டாமென்று விட்டதைத்தான் சொல்கிறேன்.

பாண்டுரங்கன்


திண்டிவனம்,
9-4-1941

மாமாவுக்கு நமஸ்காரம். உங்கள் இடுப்புப் பிடிப்பு சரியாகட்டும்.

வட்டப்பாறையில் பொய்ச் சத்தியம் செய்தவன் வீடு போய்ச் சேர மாட்டான் என்று நம் பக்கத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். நீங்கள்தான் என்னைச் சின்ன வயசில் அங்கே அழைத்துப்போய்க் காட்டினீர்கள். பாறை மேல் விளையாட்டுக்குக் கூடக் கை வைக்காதே என்று இழுத்துக்கொண்டீர்கள்.

போய்ச் சத்தியம் செய்யுங்கள் மாமா. கை வைத்துச் செய்துவிட்டேன் என்று ஒரு வரி எழுதினால் நானே மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

வருகிற பதினெட்டாம் தேதி வெள்ளிக்கிழமை வரைக்கும் ஆர்டர் எழுதாமல் வைத்திருப்பதாகக் குமாஸ்தா சொன்னார்.

அம்சா


விழுப்புரம்,
20-4-1941

சிரஞ்சீவி அம்சாவுக்கு ஆசீர்வாதம். எல்லாரும் இருக்கிறோம்.

வெள்ளிக்கிழமை திருவாமாத்தூர் போய்விட்டு வந்தேன். நீ சவால் விட்டால் நான் போகாமல் இருப்பேனா? இடுப்புப் பிடிப்போடு நடந்தே போனேன். கோயிலில் அப்படி ஒரு கூட்டம். அபிராமேஸ்வரரைப் பார்த்துவிட்டு வட்டப்பாறைக்கு வந்தால், பாறையைக் கழுவி விட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஈரப் பாறையில் சத்தியம் செய்யக்கூடாதாம். குருக்களே சொல்கிறார், "பாண்டுரங்கம், உன் வாய்ச்சொல்லே போதும், பாறை எதற்கு" என்று. காய்கிற வரைக்கும் உட்கார்ந்திருக்க எனக்கு நேரமில்லை, வந்துவிட்டேன். ஆகையால் சத்தியம் செய்தேன் என்றும் எழுத முடியாது, செய்யவில்லை என்றும் எழுத முடியாது.

வெயிலில் அலைந்ததில் உதடு வெடித்துவிட்டது. அத்தை, எங்கே போனாய், எங்கே போனாய் என்று துளைக்கிறாள். அவளுக்கும் இதையேதான் சொன்னேன்.

அக்காவுக்கு மறுபடியும் இருமல் அதிகமாகி இருக்கிறது. நெஞ்சிலிருந்து வருகிற இருமல். ஆடாதோடை இலை போட்டுக் கஷாயம் கொடு. அசட்டையாக இருக்காதே.

பாண்டுரங்கன்


திண்டிவனம்,
3-5-1941

மாமாவுக்கும் அத்தைக்கும் அம்சாவின் நமஸ்காரம். ஆடாதோடைக் கஷாயம் கொடுத்தேன். அம்மா இரண்டு நாளாக நன்றாகத் தூங்குகிறாள். அவளுக்கு இருமல் திரும்பி வந்ததை நான் உங்களுக்கு எழுதவே இல்லை. எப்படித் தெரிந்தது என்று அம்மா கேட்டாள். மாமாவுக்கு எல்லாம் தெரியும் என்றேன்.

ஆர்டர் வந்துவிட்டது. பெண் வார்டர் என்று என் பெயர் எழுதி, கீழே முத்திரை போட்டிருக்கிறது.

குமாஸ்தா கிருஷ்ணசாமி ஒரு விஷயம் சொன்னார். வெள்ளிக்கிழமை மத்தியானம் விழுப்புரத்திலிருந்து ஓர் ஆள் வந்தாராம். வாசலில் வெகுநேரம் நின்றாராம், உள்ளே வருவதும் வெளியே போவதுமாக. கடைசியில் வந்து, எண்ணெய்க்காரர் கதை பொய், தான் கட்டிச் சொன்னது என்றாராம். மாஜிஸ்திரேட், "எதற்காகச் சொன்னீர்?" என்று கேட்டிருக்கிறார். அந்த ஆள் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாராம். அப்புறம், "வயித்தெரிச்சல்தாங்க" என்றாராம். அந்த ஒரு வார்த்தைதான். அவர் கைரேகை வைக்க வந்தபோது, எழுதத் தெரியாதா என்று குமாஸ்தா கேட்டாராம். தெரியும், இன்றைக்கு ரேகையே போதும் என்றாராம்.

அந்த ஆள் யார் என்று குமாஸ்தா என்னைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

திருவாமாத்தூர்ப் பாறை இந்நேரம் காய்ந்திருக்கும். நீங்கள் மறுபடி போக வேண்டாம்.

உங்கள் அக்கா மகள்,
அம்சா


விழுப்புரம்,
6-7-1941

சிரஞ்சீவி அம்சாவுக்கு ஆசீர்வாதம். அக்கா தூங்குகிறாள் என்று படித்ததில் திருப்தி. இங்கே அத்தைக்குக் கால்வலி, எனக்கு ஒன்றுமில்லை.

ரெண்டு மாதமாக எழுதவில்லை. எழுத ஒன்றுமில்லை.

உனக்கு முதல் பெண் கைதி வந்துவிட்டதாகவும், நீ காக்கி ரவிக்கை போட்டுக்கொண்டு கையில் சாவியோடு ஜெயில் வாசலில் நின்றதைப் பார்த்ததாகவும் வானூரிலிருந்து மூட்டை கொண்டுவந்த வண்டிக்காரன் சொன்னான். அவன் சொன்னபோது நான் எடை போட்டுக்கொண்டிருந்தேன். தட்டில் படிக்கல்லை மாற்றி வைத்துவிட்டேன். என் ஆயுசில் அப்படிச் செய்ததில்லை. முதலாளி பார்த்துவிட்டார்.

நான் மூன்று தடவை போனேன் அம்சா. ஒரு தடவையாவது ஒருத்தன் என்னை வாசலில் நிற்கிறான் என்று வேறு ஊரில் போய்ச் சொல்லியிருக்கிறானா? சரி, அது போகட்டும்.

போன வாரம் இங்கே போலீஸுக்கு ஆள் எடுத்தார்கள். எனக்கு வயசு தாண்டிவிட்டது. சும்மா வேடிக்கை பார்க்கப் போனேன். வேலி ஓரமாக நின்றேன். அங்கேயும் இப்போது மூச்சை விடச் சொல்லித்தான் அளக்கிறார்கள். யாரும் பார்க்காதபோது நானும் முழுசாக விட்டுப் பார்த்தேன். வேட்டி நழுவிவிட்டது. அவ்வளவு இருந்திருக்கிறது உள்ளே. இதை அத்தைக்கு எழுதாதே.

மண்டியில் எல்லாரும் உன் வேலையைப் பற்றியே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். காது புளித்துவிட்டது. திண்டிவனத்து ஜெயில் முழுவதும் உன் பொறுப்பு என்றும், நீ இருமினால் கைதிகள் எழுந்து நிற்கிறார்கள் என்றும் சொல்லி வைத்திருக்கிறேன். அப்படிச் சொல்கிறபோது எனக்கு உள்ளே எரிகிறது, சொல்லாமல் இருந்தால் அதைவிட எரிகிறது. இதற்கு என்ன கஷாயம் என்று தெரியவில்லை.

ஒன்று மட்டும் எழுது. சாவி எவ்வளவு கனம்? கடலூரில் அவர்கள் சாவிக் கொத்தை என் கையில் கொடுக்கும் அளவுக்கு விஷயம் போகவில்லை. அளந்த இடத்திலிருந்தே அனுப்பிவிட்டார்கள். ஒரு வீசை என்று பல பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

உன் மாமன்,
பாண்டுரங்கன்


திண்டிவனம்,
15-7-1941

மாமாவுக்கு அம்சா நமஸ்காரம். அம்மாவும் நானும் சுகம். அத்தை காலுக்கு நொச்சி இலையை வதக்கிக் கட்டச் சொல்லுங்கள்.

வந்திருந்தவள் ஒரு காட்டிலிருந்து கேப்பைக் கதிரைக் கசக்கி மடியில் கட்டிக்கொண்டவள். இடுப்பில் கைக்குழந்தை. அவள் அழுவாள், குழந்தை அழும், நான் கம்பிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பேன். அவள் உள்ளே இருந்தால்தான் எனக்குச் சோறு. அதை நினைத்தால் சோறு இறங்குவதில்லை. திங்கட்கிழமை விட்டுவிட்டார்கள். போகும்போது அவள், "வரேன்க்கா" என்றாள். வராதே என்று எப்படிச் சொல்வேன்? அவள் போன மறுநாள் பழையபடி மல்லாட்டை உடைக்கப் போனேன்.

இந்த வேலையைப் பார்த்துத்தான் உங்களுக்கு எரிகிறது.

காக்கி ரவிக்கை என்பது வண்டிக்காரர் சேர்த்துக்கொண்டது. என்னிடம் இருப்பது பழைய நீலப் புடைவைதான். சாவிக் கொத்து ஹெட் வார்டரிடம் இருக்கும். எனக்குக் கொடுப்பது ஒரே ஒரு சாவி. உங்கள் வெற்றிலைப் பெட்டிச் சாவியைவிடக் கொஞ்சம் பெரியது. கையில் வைத்துப் பார்த்தால் கனமே தெரியாது. பூட்டித் திருப்பும்போதுதான் தெரியும்.

மண்டியிலிருந்து யார் வந்து கேட்டாலும் ஒரு வீசை என்றே சொல்கிறேன் மாமா. எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. போலீஸ்காரர் கேட்டால் மட்டும் நீங்கள் உள்ளதைச் சொல்லுங்கள்.

அடுத்த தடவை திண்டிவனம் வந்தால் வாசலோடு இருமலைக் கேட்டுவிட்டுப் போகாதீர்கள். உள்ளே வந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

அம்சா,
பெண் வார்டர்